எழுத்துகள் அழிந்த ஃப்ளைவீல்: ஒரு பழைய மோட்டோ குட்ஸியுடன் பன்னிரண்டு ஆண்டுகள்

வடித்த எஞ்சின் ஆயிலைத் தட்டோடு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கைவிளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, கருமைக்குள் மிகச் சிறிய வெள்ளித் துகள்கள் மின்னின. காந்தத்தை அருகில் கொண்டுபோனேன், ஒன்றும் ஒட்டவில்லை. ஆகவே இரும்பு அல்ல. ஒன்றிரண்டைத் துணியில் எடுத்து நகத்தால் அழுத்தினேன். அலுமினியமாக இருந்தால் நசுங்கியிருக்கும்; இவை நசுங்காமல் சிம்பு சிம்பாக ஒடிந்தன. சிலிண்டரின் உட்சுவரிலிருந்து குரோம் பூச்சு உரியத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வண்டியை வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது.

அது 1977ஆம் ஆண்டு தயாரான மோட்டோ குட்ஸி 850 டி3. நான் வேலையின் பொருட்டு வட இத்தாலியின் லெக்கோ நகரில் குடியேறிய பிறகு வாங்கியது. லெக்கோவிலிருந்து ஏரிக்கரைச் சாலையில் வடக்கே பத்துக் கிலோமீட்டர் போனால் மண்டெல்லோ டெல் லாரியோ வந்துவிடும். 1921இல் தொடங்கப்பட்ட மோட்டோ குட்ஸி நிறுவனத்தின் தொழிற்சாலை அன்றிலிருந்து அந்தச் சிற்றூரில்தான், கிரின்யா மலைகளின் அடிவாரத்தில், இருந்துவருகிறது. பிறந்த இடத்துக்கு இவ்வளவு அருகில் ஒரு பழைய வண்டியைப் பராமரிக்கக் கிடைத்தது எனக்கு வாய்த்த நற்பேறு என்றே நினைக்கிறேன். எந்த வயர் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்ற ஐயம் வரும்போதெல்லாம் தொழிற்சாலை அருங்காட்சியகத்துக்குப் போய், அங்கே நிற்கும் வண்டிகளைக் குனிந்து பார்த்துவிட்டு வருவேன்.

இந்த எஞ்சினை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். இரண்டு சிலிண்டர்கள், ஒன்றுக்கொன்று 90 பாகைக் கோணத்தில், பெட்ரோல் டேங்கின் இருபுறமும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க், வண்டியின் நீளவாக்கில் கிடப்பதால், நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி முழுவதும் வலப்பக்கம் லேசாகச் சாயும். இதன் அடிப்படை வடிவத்தைத் தந்தவர் ஜூலியோ சேசரே கார்கானோ. 1955இல் 500 சிசிக்குள் எட்டு சிலிண்டர்களை அடக்கிய பந்தய எஞ்சினை வரைந்தவரும் அவரே. அத்தகைய நுட்பத்தைக் கையாண்ட மனிதர், சாதாரண ஓட்டுநருக்காக வரைந்தபோது, ஒற்றைக் கேம்ஷாஃப்ட், புஷ் ராடு, சிலிண்டருக்கு இரண்டே வால்வு என்று முற்றிலும் எளிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த எஞ்சினைத் தாங்கிய 700 சிசி வி7 வண்டி 1965 டிசம்பரில் மிலான் கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வந்தது. அவருக்குப் பின் வந்த லீனோ டோன்டி, எஞ்சினின் தலைமேல் அமர்ந்திருந்த டைனமோவை அகற்றி, கிராங்கின் முன்முனையில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். மேலே காலியான அந்த இடத்தில் நேரான குழாய்களை ஓடவிட்டு, தாழ்வான ஒரு சட்டத்தை அமைத்தார். 1971இல் வி7 ஸ்போர்ட் வண்டியில் அறிமுகமான அந்தச் சட்டம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நிறுவனத்தின் பல வண்டிகளுக்கு முதுகெலும்பாக இருந்தது. என் டி3யும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

குரோம் உரிவது இந்தத் தலைமுறை வண்டிகளின் தனிப்பட்ட நோய். அக்காலத்து குட்ஸி சிலிண்டர்களில் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியச் சுவரின் மேலேயே கடினமான குரோமியத்தைப் பூசினார்கள். வெப்பம் விரைவாக வெளியேறும், பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே இடைவெளியைக் குறைவாக வைக்கலாம் என்பவை அதன் நன்மைகள். நாள்தோறும் ஓடும் வண்டியில் அது நெடுங்காலம் நின்று உழைக்கவும் செய்தது. ஆனால் வண்டியை ஈரமான கொட்டகையில் ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தால், பூச்சின் மயிரிழை விரிசல்கள் வழியாக ஈரம் இறங்கி, அடியில் இருக்கும் அலுமினியத்தை அரித்து, பூச்சைத் தூக்கிவிடும். பிறகு எஞ்சின் ஓடும்போது பிஸ்டன் ரிங்குகள் அதைச் சுரண்டி ஆயிலில் கலக்கின்றன. ஆயில் அதைக் கிராங்க் பேரிங்குகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. எஃகைவிடக் கடினமான துகள்கள், மென்மையான உலோகத்தாலான பேரிங் ஓடுகளுக்குள் போனால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய சிலிண்டரின் உட்சுவரைக் குடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்யவும் வழியில்லை. நிறுவனமே பின்னாளில் குரோமைக் கைவிட்டு, நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த நிகுசில் என்ற பூச்சுக்கு மாறியது. அதே வகைப் பூச்சுடைய சிலிண்டர், பிஸ்டன் தொகுப்பை மண்டெல்லோவிலேயே இயங்கும் ஜிலார்டோனி தொழிற்கூடம் செய்து தருகிறது. நான் அதைத்தான் வாங்கினேன். பழைய குரோம் எஞ்சினுடைய குட்ஸியை வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வண்டியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள், துகள் தெரியும்வரை காத்திருக்காதீர்கள்.

துகள்கள் கிராங்க் வரை போயிருக்குமோ என்ற அச்சத்தால் எஞ்சினை முழுவதும் இறக்கிப் பார்க்க முடிவு செய்தேன். டோன்டியின் மதிநுட்பம் எனக்கு அன்றுதான் புரிந்தது. அவருடைய சட்டத்தின் கீழ்க்குழாய்கள் இரண்டும் போல்ட்டால் பிணைக்கப்பட்டவை. அவற்றைக் கழற்றிவிட்டு, எஞ்சினை ஒரு ஜாக்கின் மேல் நிறுத்தினால், எஞ்சினை வெளியே இழுப்பதற்குப் பதிலாகச் சட்டத்தையே அதன் மேலிருந்து தூக்கி எடுத்துவிடலாம். எழுபது கிலோவுக்கு மேற்பட்ட இரும்பையும் அலுமினியத்தையும் ஒற்றை ஆள் ஒரு சனிக்கிழமையில் தனித்து நிறுத்திவிட முடிகிறது. இந்த வண்டியை வரைந்தவர்கள், இதை என்றோ ஒரு நாள் யாரோ திறப்பார்கள் என்பதை மனத்தில் வைத்தே வரைந்திருக்கிறார்கள். சிலிண்டர் தலைகள் இருபுறமும் வெளியே நிற்பது காற்றுக்காக மட்டுமல்ல. ஸ்பேனர் பிடித்த கைக்காகவும்தான்.

கிராங்க் தப்பியிருந்தது. ஆனால் கிளட்சைக் கழற்றியபோது வேறொன்று தெரிந்தது. (அக்காலத்துக் கிளட்ச் தகடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கக்கூடும், அந்தத் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.) எனக்கு முன் வைத்திருந்தவர் ஏதோ ஒரு பட்டறையில் கொடுத்து, கிராங்கோடு சேர்ந்து சுழலும் சக்கரமான ஃப்ளைவீலைக் கடைசல் பிடித்து எடை குறைத்திருந்தார். குட்ஸிகளின் ஃப்ளைவீல் கனமானது. அதை இலேசாக்கினால் எஞ்சின் சட்டென்று வேகம் எடுக்கும் என்பது பலரும் அறிந்த மாற்றம்தான். ஆனால் கடைசல் பிடித்தவர் விளிம்பிலிருந்த குறிகளையும் சேர்த்துச் சீவிவிட்டார்.

அந்தக் குறிகள் என்னவென்று சொல்ல வேண்டும். கிளட்ச் உறையின் பக்கவாட்டில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைப் பிடுங்கினால் உள்ளே ஃப்ளைவீலின் விளிம்பு தெரியும். அதில் ஓரிடத்தில் "டி" (D) என்ற எழுத்தும் ஒரு கோடும், இன்னோரிடத்தில் "எஸ்" (S) என்ற எழுத்தும் ஒரு கோடும் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தாலிய மொழியில் தெஸ்த்ரா என்றால் வலம், சினிஸ்த்ரா என்றால் இடம். "டி" கோடு துளையின் நடுவில் வந்து நின்றால் வலது பிஸ்டன் உச்சியில் இருக்கிறது என்று பொருள். "எஸ்" வந்தால் இடது. வால்வு இடைவெளி பார்ப்பதும் பிளக்கில் பொறி விழும் தருணமான இக்னிஷன் நேரம் வைப்பதும் இந்த இரண்டு எழுத்துகளை நம்பித்தான் நடக்கின்றன. கார்புரேட்டர்களின் உடலிலும் இதே இரண்டு எழுத்துகள் உண்டு. எழுத்துகள் இல்லாத ஃப்ளைவீல், எண்கள் அழிந்த கடிகாரம்போல ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்ப்பவருக்குத்தான் எதுவும் தெரியாது.

பழைய வண்டியில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உருவானது அன்றுதான். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒவ்வொரு போல்ட்டும் இருக்க வேண்டும் என்போர் உண்டு. தன் வண்டியில் தான் எதையும் செய்யலாம் என்போரும் உண்டு. நான் இரண்டையும் விட்டுவிட்டு ஒரே கேள்வியைக் கேட்கத் தொடங்கினேன்: இந்த மாற்றத்துக்குப் பிறகு அடுத்த முறை இதைத் திறக்கப்போகிறவரின் வேலை எளிதாகுமா, கடினமாகுமா? அந்த அடுத்தவர் நானாகவும் இருக்கலாம், முப்பது ஆண்டுகள் கழித்து எனக்குப் பெயர் தெரியாத யாரோ ஒருவராகவும் இருக்கலாம்.

அழிந்த குறிகளை மீண்டும் உண்டாக்க நான் செய்தது பழைய முறைதான். இரு ராக்கர் மூடிகளையும் கழற்றி, பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஒரு கம்பியைத் திருகி வைத்தேன். எஞ்சினைக் கையால் மெல்ல ஒரு பக்கம் சுழற்றி, பிஸ்டன் கம்பியில் முட்டி நின்ற இடத்தில் ஃப்ளைவீலில் ஒரு கோடு. மறுபக்கம் சுழற்றி முட்டிய இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் பிஸ்டனின் உண்மையான உச்சி. பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது கிராங்க் பல பாகைகள் திரும்பியும் அது அசைவதே தெரியாது; ஆகவே கண்ணால் பார்த்து உச்சியைத் தீர்மானிப்பது எப்போதும் தவறிவிடும். நடுப்புள்ளி முறையில் அந்தத் தவறுக்கு இடமில்லை. இரு சிலிண்டருக்கும் இப்படிக் கண்டுபிடித்து, கூரிய ஊசியால் கோடுகளைக் கீறினேன். ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு ஒரு நாள் போயிற்று.

வால்வு சரிபார்ப்பது இந்த வண்டியில் எனக்கு மிகப் பிடித்த வேலை. எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். பிளக்குகளைக் கழற்றி, ஐந்தாம் கியரில் வைத்து, நடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியின் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினால் எஞ்சின் சுழலும். இன்லெட் வால்வு திறந்து மூடிய பிறகு வரும் உச்சியில் நிறுத்தி, இரு வால்வுக்கும் 0.22 மி.மீ. இடைவெளி வைக்க வேண்டும். சென்னையில் என் மாமா வைத்திருந்த பழைய புல்லட்டில் டாப்பட் பார்க்கும்போது, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் தேவைப்பட்டதே இல்லை. புஷ் ராடு மேலும் கீழும் ஆடக் கூடாது, ஆனால் விரலால் உருட்டினால் தடையில்லாமல் சுழல வேண்டும் என்பதே அங்கே அளவு. அந்தப் பழக்கத்தோடு குட்ஸியை அணுகினால் வால்வு எரிந்துபோகும். இங்கே கேஜின் தகடு லேசான பிடியோடு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளந்தே தீர வேண்டும்.

ஒவ்வொரு முறையும் திருத்துவதற்கு முன் இருந்த அளவை நான் குறிப்பேட்டில் எழுதிவிடுகிறேன். திருத்திய அளவைவிட அதுதான் முக்கியம். இடைவெளி கூடியிருந்தால் சத்தம் வரும், பெரிய ஆபத்தில்லை. குறைந்துகொண்டே வந்தால், வால்வு தான் மூடி அமரும் இருக்கைக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. இடைவெளி முற்றிலும் மறைந்தால் வால்வு முழுதாக மூடாது. மூடாத எக்ஸாஸ்ட் வால்வு தன் வெப்பத்தை இருக்கைக்குக் கடத்த வழியில்லாமல் கருகிவிடும். இத்தாலியில் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு, வால்வு இருக்கையைத் தேயாமல் காத்துவந்த ஈயம் கலந்த பெட்ரோல் நின்றுபோனதால், ஈயப் பெட்ரோல் காலத்து எஞ்சின்களில் இந்தக் கணக்கை வைத்திருப்பது இன்னும் அவசியமாகிறது. என் வண்டியின் எக்ஸாஸ்ட் இடைவெளிகள் பன்னிரண்டு ஆண்டுகளில் கவலைப்படும்படி குறையவில்லை என்பதை அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுதான் என்னால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

ஆயில் ஃபில்டர் பற்றிச் சொல்லும்போது டி3க்கு ஒரு பெருமை உண்டு. அதற்கு முந்தைய வி7 வகைகளில் கம்பி வலை மட்டுமே இருந்தது. திருகி மாற்றும் காட்ரிட்ஜ் ஃபில்டர் இந்தக் குடும்பத்தில் டி3இல்தான் வந்தது. ஆனால் அதை எஞ்சினின் அடியில் இருக்கும் சம்புக்கு உள்ளே வைத்துவிட்டார்கள். ஃபில்டரை மாற்ற வேண்டுமானால் சம்பை முழுவதும் இறக்க வேண்டும், புதிய கேஸ்கட் வேண்டும், போல்ட் ஓட்டையின் மரை அலுமினியம் என்பதால் இறுக்கும் கையில் கட்டுப்பாடு வேண்டும். உள்ளே இருக்கும் ஃபில்டர் அதிர்வில் தளர்ந்தால் வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. ஆயில் அழுத்த விளக்கு எரிவதுதான் முதல் அறிகுறி. குட்ஸி வைத்திருப்போர் பலர் ஃபில்டரின் மேல் ஒரு சாதாரண ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் திருகுப் பகுதி ஃபில்டரைத் திரும்பவிடாமல் முட்டுக்கொடுக்கும்படி வைக்கிறார்கள். மிக மலிவான, மிகச் சிறந்த பாதுகாப்பு. பிறகு நான் ஃபில்டரை வெளியிலிருந்தே மாற்றும்படி செய்த சம்ப் ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். அது அசலல்ல. ஆயினும் என் கேள்விக்கு அது தெளிவாக விடை சொல்கிறது: ஃபில்டர் மாற்றுவது எளிதானால், அதைத் தள்ளிப்போடாமல் மாற்றுவார்கள். பழைய சம்ப், துடைத்துச் சீட்டு ஒட்டப்பட்டு, பெட்டியில் இருக்கிறது.

மின்சாரப் பகுதியைத்தான் மக்கள் "இத்தாலிய வண்டியின் குறை" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர் ஜெர்மனியின் போஷ் தயாரிப்பு. 14 வோல்ட்டில் 20 ஆம்பியர், அதாவது 280 வாட் தரும். அந்தக் காலத்துக்கு அது தாராளம். ஆனால் அதன் ரோட்டர் கிராங்கின் முனையில் எஞ்சினின் வெப்பத்தையும் முழு வேகத்தையும் தாங்கிச் சுழல்கிறது. உள்ளே சுருளில் ஒரு கம்பி அறுந்தால், நிற்கும்போது அளந்தால் சரியான ஓம் காட்டும். வேகமாகச் சுழலும்போது விசையில் விலகி மின்சாரத்தைத் துண்டித்துவிடும். இந்த மாயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இன்னொன்று, சார்ஜ் ஆகவில்லை என்று காட்டும் சிவப்பு விளக்கு. அது வெறும் அறிவிப்பு விளக்கு அல்ல. ஆல்டர்னேட்டர் விழித்தெழுவதற்கான முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் ரோட்டருக்குப் போகிறது. பல்பு எரிந்துபோனால் சார்ஜும் நின்றுபோகும். சாவியைத் திருப்பியதும் அந்தச் சிவப்பு ஒளி வருகிறதா என்று பார்க்காமல் நான் வண்டியை எடுப்பதே இல்லை.

உண்மையான குறை ஒன்று உண்டு. முகப்பு விளக்கின் முழு மின்சாரமும் நீளமான மெல்லிய வயர் வழியாகச் சாவிப் பூட்டுக்கும் கைப்பிடி ஸ்விட்சுக்கும் போய்த்தான் பல்பை அடைகிறது. என் வண்டியில் பேட்டரியில் 12.5 வோல்ட் இருந்தபோது பல்பின் முனையில் 10.8 மட்டுமே கிடைத்தது. கோமோ ஏரிக்கரைச் சாலையின் குகைப்பாதைகளில் அது போதவே போதாது. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் இரண்டு ரிலேக்களும் இரண்டு ஃபியூஸ்களும் சேர்த்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த வயர் கொடுத்ததும் ஒளி பாலாய்ப் பெருகியது. ஸ்விட்சுகளும் சூடாவது நின்றது. எனக்கு முன் இருந்தவர் வீட்டு மின்வயரை வைத்து, எல்லா இணைப்பையும் ஒரே சிவப்பு நிறத்தில் செய்து, கறுப்பு டேப்பைச் சுற்றி மூடியிருந்தார். அதையெல்லாம் அகற்றினேன். நான் சேர்த்த ஒவ்வொரு வயரும் தொழிற்சாலை வரைபடத்தின் நிற ஒழுங்கைப் பின்பற்றுகிறது. சேர்த்த பகுதிக்குத் தனி வரைபடம் வரைந்து இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறேன். ரிலே சேர்ப்பது நல்ல மாற்றம்தான். வரைபடம் வைக்காமல் சேர்த்தால் அதுவே அடுத்தவரைப் பல நாள் அலைக்கழிக்கும்.

இக்னிஷனில் மட்டும் நான் பழைமையோடு நின்றுவிட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாயின்ட் (பொறி உண்டாக மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை), தனித்தனிக் கண்டென்சர். பாயின்ட் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் வைத்த பிறகு, டிஸ்டிரிபியூட்டர் முழுவதையும் திருப்பி முதலில் வலது சிலிண்டரின் நேரத்தை வைக்க வேண்டும். பிறகு உள்தகட்டை மட்டும் நகர்த்தி இடதுக்கு வைக்க வேண்டும். வரிசையை மாற்றிச் செய்தால் ஒன்றைத் திருத்தும்போது மற்றொன்று கெடும். எலெக்ட்ரானிக் இக்னிஷன் பொருத்தினால் இந்த வேலையே இல்லை. எஞ்சின் சீராக ஓடும் என்பதும் உண்மை. அதைப் பொருத்தியவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் பாயின்ட் கெட்டால் சாலையோரத்தில் ஒரு சிறு அரத்தால் சீர்செய்து வீடு வந்து சேர முடிகிறது என்ற ஒரு காரணம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது. டிஸ்டிரிபியூட்டரை ஓட்டும் கேம்ஷாஃப்டின் டைமிங் சங்கிலி தளர்ந்தால், பொறி விழும்போதெல்லாம் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கின் ஒளியில் ஃப்ளைவீல் குறி ஓரிடத்தில் நிற்காமல் நடுங்கும். அதைப் பார்த்துத்தான் தகட்டு ஸ்பிரிங் வகை டென்ஷனர் ஒன்றைப் பொருத்தினேன். நடுக்கம் பெருமளவு நின்றது.

வண்டி என்னிடம் வந்தபோது கார்புரேட்டர்களின் வாயில் கூம்பு வடிவத் தனி ஃபில்டர்கள் இருந்தன. பார்க்க அழகாக இருக்கும். பேட்டரியைச் சுற்றி இடமும் கிடைக்கும். ஆனால் டி3இன் 30 மி.மீ. டெல்லோர்டோ கார்புரேட்டர்களுக்குத் தொழிற்சாலை தேர்ந்தெடுத்த ஜெட்டுகள் (பெட்ரோலை அளந்து விடும் சிறு துளைகள்), அசல் காற்றுப்பெட்டி தரும் அமைதியான காற்றை நம்பித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஃபில்டரை மாற்றி ஜெட்டை மாற்றாவிட்டால் நடுவேகத்தில் எஞ்சின் பெட்ரோலின்றித் திணறும். நான் ஒரு பழைய காற்றுப்பெட்டியைத் தேடிப் பிடித்து மீண்டும் பொருத்தி, தேய்ந்துபோயிருந்த ஊசிகளையும் ஊசி ஜெட்டுகளையும் புதிதாக்கினேன். கூடுதல் சக்தியை விரும்புவோருக்கு ஒரு நேரான வழி உண்டு: அதே காலத்து 850 லெ மான்ஸ் வண்டியின் 36 மி.மீ. கார்புரேட்டர், 10.2:1 அழுத்த விகிதம் தரும் பிஸ்டன், அதற்கேற்ற பெரிய வால்வு, எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகப் பொருத்துவது. அந்தத் தொகுப்பைத் தொழிற்சாலையே சோதித்துத் தந்திருக்கிறது. அதில் ஒன்றை மட்டும் எடுத்துச் செருகுவதுதான் பிழை.

டி3 என்ற பெயரில் இருக்கும் "3" மூன்று டிஸ்க் பிரேக்குகளைக் குறிக்கிறது. காலால் மிதித்தால் பின் டிஸ்க்கும் முன்னால் இடது டிஸ்க்கும் சேர்ந்து பிடிக்கும். கைப்பிடி முன்னால் வலது டிஸ்க்கை மட்டும் பிடிக்கும். பலர் இந்த இணைப்பைப் பிரித்து, இரு முன் டிஸ்க்குகளையும் கைப்பிடிக்கே கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பெரிய விட்டமுடைய மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும் என்பதை மறந்துவிடவும் செய்கிறார்கள். மழையில் நனைந்த மலைப்பாதையில், வளைவுக்கு நடுவே எதிரில் ஒரு லாரி வந்தபோது, காலை மட்டும் அழுத்தி வண்டியை நேராக நிறுத்தியிருக்கிறேன். அந்த அமைப்பை நான் தொடமாட்டேன். முன்ஃபோர்க்கில் மட்டும் மாற்றம் செய்தேன். அதன் குலுங்கலை அடக்கும் டேம்பர்கள் மூடி முத்திரையிட்டவை. நாம் ஊற்றும் ஆயில் குழாய்களுக்கு மசகாக மட்டுமே பயன்படுகிறது. டேம்பர் களைத்த பிறகு எத்தனை வகை ஆயிலை மாற்றி ஊற்றினாலும் பயனில்லை. மாற்று டேம்பர்கள் கிடைக்கின்றன, அதே இடத்தில் அமர்கின்றன.

பின்சக்கரத்துக்குச் சங்கிலி இல்லை. வலப்பக்க ஸ்விங் ஆர்முக்குள் ஒரு ஷாஃப்ட் ஓடுகிறது. சங்கிலி இல்லாததாலேயே பலர் அந்தப் பகுதியை மறந்துவிடுகிறார்கள். கியர்பாக்ஸுக்கு 750 மில்லி, பின் பெவல் பெட்டிக்கு 250 மில்லி ஆயில். பின்னதில் மாலிப்டினம் கலந்த மசகைக் கொஞ்சம் சேர்க்கச் சொல்கிறது கையேடு. முன்முனையில் யுனிவர்சல் ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் நேராக உள்ளே போய்விடும். அதைப் பார்க்க ஒரு டார்ச்சும் ஒரு நிமிடமும் போதும்.

இத்தாலியில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு வரலாற்றுச் சிறப்புச் சான்றிதழ் தரும் பதிவேடுகள் உள்ளன. அவை அசல் தன்மையைக் கவனித்துப் பார்க்கின்றன. இரண்டாண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையும் உண்டு. என்னுடைய மாற்றங்கள் எல்லாமே ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியவை. கழற்றிய அசல் பாகங்கள் நான்கு பெட்டிகளில், சீட்டுடன் இருக்கின்றன. திருப்ப முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: அந்த ஃப்ளைவீல்.

இலேசான ஃப்ளைவீலோடு நான் பல ஆண்டுகள் ஓட்டினேன். ஐடில் வேகத்தில் எஞ்சின் திக்கும். லெக்கோவுக்கு மேலே இருக்கும் கிராமங்களின் செங்குத்தான சந்துகளில் நின்று கிளம்பும்போது, கிளட்சை நெடுநேரம் பாதியில் பிடித்தபடி சமாளிக்க வேண்டியிருந்தது. கனமான சக்கரத்தில் சேமிக்கப்படும் வேகம்தான் அங்கே வண்டியை நகர்த்தும் என்பது அப்போதுதான் உடம்பில் உறைத்தது. நான் கீறிய கோடுகளும் கிளட்ச் தூசியால் மங்கிக்கொண்டே வந்தன. சென்ற குளிர்காலத்தில், பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் ஒருவரிடம், வெட்டப்படாத, முழு எடையுள்ள ஒரு டி3 ஃப்ளைவீல் கிடைத்தது.

மீண்டும் கீழ்க்குழாய்களைக் கழற்றினேன், சட்டத்தை உயர்த்தினேன். இம்முறை அரை நாள்கூட ஆகவில்லை. பொருத்துவதற்கு முன் அந்தச் சக்கரத்தை மேசைமேல் வைத்து, விளிம்பை மண்ணெண்ணெயால் துடைத்து, பொறித்திருந்த இரு எழுத்துகளிலும் அவற்றின் கோடுகளிலும் மெல்லிய தூரிகையால் வெள்ளை வண்ணத்தை நிரப்பினேன். காய்ந்த பிறகு பொருத்தினேன். வண்டியை மூடி, பின்சக்கரத்தை மெல்லச் சுழற்றியபடி, ரப்பர் மூடியைப் பிடுங்கிய துளை வழியே பார்த்தேன். இருட்டுக்குள்ளிருந்து வெள்ளையாக "டி" நகர்ந்து வந்து, துளையின் நடுவில் நின்றது. வலது பிஸ்டன் உச்சியில் இருந்தது. ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.